பேரிக்காய் எப்போது பழமாகும்?

சென்ற பருவத்தின் இறுதித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் வாயு எப்படிச் செயல்படுகிறது என்று விளக்கச் சொன்னார்கள். உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு அது அல்வா சாப்பிடுவது மாதிரி. வரைபடம், நொதிகளின் பெயர்கள், கண்டுபிடித்த ஆண்டுகள் என்று பக்கத்தை நிரப்பிவிட்டு வந்தேன்.

அதே வாரம் எங்கள் வீட்டில் நான்கு பேரிக்காய்களைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

பாட்டிக்கு அப்போது பற்கள் எல்லாவற்றையும் எடுத்திருந்தார்கள். ஈறு ஆறிப் பொய்ப்பல் கட்டும்வரை கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம், மசித்த வாழைப்பழம், பப்பாளி ஆகியவைதான் சாப்பாடு. பப்பாளியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு அவர் வந்தபோது, நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் ஒரு பை பச்சைப் பேரிக்காய் வாங்கி வந்தார். பாட்டியின் முகம் மலர்ந்தது. உடனே ஒன்றை நறுக்கிக் கொடுத்தேன். ஈறுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தவர் துண்டைத் திருப்பித் தந்தார்.

“இது காய்டி.”

“இல்ல பாட்டி, பழந்தான். கடையில பழம்னுதான் விக்கிறாங்க.”

“பேரிலேயே காய்னு இருக்கு. பேரிப்பழம்னா சொல்றோம்? பேரிக்காய்னுதானே சொல்றோம்?”

நான் சிரித்துவிட்டு, மீதமிருந்த நான்கையும் மேசைமீது வைத்தேன். மஞ்சளானதும் கொடுக்கலாம் என்பது என் திட்டம். தேர்வு மும்முரத்தில் பத்து நாள் ஓடிவிட்டன. பச்சை நிறம் மாறவே இல்லை. பதினோராம் நாள் ஒன்றை வெட்டினேன். வெளியே பச்சை, உள்ளே விதையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கூழ். மற்ற மூன்றும் அப்படியே.

தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் பாட்டிக்கு ஒரே ஒரு பழத்தைப் பதமாகக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. அந்த உறுத்தல்தான் விடுமுறையில் என்னை ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் திருப்பியது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பாட்டி வேடிக்கையாகச் சொன்ன கேள்வியைத்தான் விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். இந்தக் காய் எப்போது, எப்படிப் பழமாகிறது?

மரத்தில் கனியாத பழம்

நம் பேரங்காடிகளில் பேரிக்காய் என்ற பெயரில் இரு வேறு இனங்கள் அருகருகே இருக்கின்றன. பெரும்பாலும் உருண்டையாக, மஞ்சள் அல்லது இளம்பழுப்புத் தோலுடன் இருப்பவை சீன, ஜப்பானிய வகைகள். அவற்றை வாங்கிய அன்றே ஆப்பிள்போல நறுக்கென்று கடித்துத் தின்னலாம். கழுத்து ஒடுங்கி, அடிப்பகுதி பருத்து, மணிபோல் இருப்பது ஐரோப்பியப் பேரிக்காய். தாவரவியலில் அதன் பெயர் பைரஸ் கம்யூனிஸ். அது மொறுமொறுப்பாக இருந்தால் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். வாயில் வெண்ணெய்போல் கரைவதுதான் அதன் சிறப்பு. பழைய பிரெஞ்சு வகைகள் பலவற்றின் பெயரே வெண்ணெயைக் குறிக்கும் ‘பெர்ரே’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது.

இந்த வெண்ணெய்ப் பதம் பெரும்பாலான ஐரோப்பிய வகைகளுக்கு மரத்தில் இருக்கும்போது கிடைப்பதில்லை. பழம் என்றால் மரத்திலேயே பழுத்தால்தான் ருசி என்று நாம் நினைக்கிறோம். பேரிக்காயை அப்படி விட்டுவைத்தால் அது நடுவிலிருந்து வெளிநோக்கிப் பழுக்கிறது. தோலுக்கு அருகே உள்ள சதை தின்னும் பதத்துக்கு வருவதற்குள் நடுப்பகுதி குழைந்து பழுப்பாகிவிடுகிறது. அதனால் விவசாயிகள் அதைக் கெட்டியான காயாகவே பறிக்கிறார்கள்.

முற்றுவது வேறு, பழுப்பது வேறு

அப்படியென்றால் எந்தக் காயையும் பறித்துவிடலாமா? கூடாது. இங்கேதான் அறுவடை அறிவியலின் முதல் பாடம் வருகிறது. நான் ஆங்கிலத்தில் அறிவியல் படித்தவள். ‘மெச்சூர்’, ‘ரைப்’ என்ற இரு சொற்களையும் முதலாம் ஆண்டு முழுவதும் ஒன்றாகவே நினைத்துக் குழப்பிக்கொண்டேன். பாட்டியிடம் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெளிந்திருக்கும். பிஞ்சு, காய், முற்றிய காய், செங்காய், கனி என்று வரிசையாகச் சொல்வார். முற்றுவது மரத்தில் நடப்பது. பழுப்பது அதற்குப் பிறகு நடப்பது. முற்றாத காயைப் பறித்தால் அது சுருங்கி வதங்குமே தவிர, ஒழுங்காகப் பழுக்காது.

முற்றிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1925ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மேக்னஸ், டெய்லர் என்ற இருவர் இதற்காக ஒரு கருவியை மேம்படுத்தி வெளியிட்டார்கள். தோலைச் சிறிது சீவிவிட்டு, உருண்டை முனைகொண்ட சிறு உலோகக் கம்பியைச் சதைக்குள் அழுத்த வேண்டும். அதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதைக் கருவி காட்டும். பேரிக்காய்க்கு 8 மில்லிமீட்டர் முனையைப் பயன்படுத்துகிறார்கள். உலகெங்கும் விளையும் பார்ட்லெட் வகையைப் பறிக்கும் நேரத்தில் ஏறத்தாழ 8 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை தேவைப்படும். தின்னும் பதத்தில் 1 முதல் 2 கிலோகிராம் போதும். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம்தான் காய்க்கும் கனிக்கும் இடையிலான தூரம்.

குளிரில் ஒரு காத்திருப்பு

முற்றிய காயைப் பறித்தாகிவிட்டது. மேசைமீது வைத்தால் பழுத்துவிடுமா? பல வகைகள் பழுப்பதில்லை. அல்லது ஒன்று பழுக்கும், பக்கத்தில் உள்ளது கல்லாகவே இருக்கும். ஐரோப்பியப் பேரிக்காய்க்கு முதலில் குளிர் வேண்டும்.

பச்சை நிற அஞ்சூ வகைக்குக் கிட்டத்தட்ட 60 நாள் குளிர் தேவை. கோமிஸ் வகைக்குச் சுமார் 30 நாள். பிரான்சின் பாஸ் கிராசான் வகைக்கு ஏறக்குறைய மூன்று மாதம். பார்ட்லெட்டுக்கு இவற்றைவிடக் குறைவு. சேமிப்புக் கிடங்குகளின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே, -1 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சதையில் சர்க்கரை கரைந்திருப்பதால் அந்தக் குளிரிலும் காய் உறைந்துபோவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. குளிரில் வைத்தால் எல்லாம் மெதுவாகத்தானே நடக்கும்? பழுக்கக் கூடாது என்பதற்காகத்தானே நாம் பழங்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறோம்? பேரிக்காய் மட்டும் ஏன் குளிரில் இருந்தால்தான் பிறகு பழுக்கிறது? இதற்கு விடை தேட, தேர்வில் நான் மனப்பாடமாக எழுதிய அதே எத்திலீனிடம் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

வாயுவைத் தேடிய வரலாறு

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமிட்ரி நெல்யூபோவ் என்ற ஆய்வாளர் பட்டாணிச் செடிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக்குள் அவை கோணலாக வளர்ந்தன. விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று அவர் 1901ல் காட்டினார்.

1920களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இருவர் ஆப்பிள்கள் ‘மூச்சு விடுவதை’ அளந்தார்கள். பழுக்கத் தொடங்கும் வேளையில் சுவாசம் திடீரென்று எகிறுவதைக் கண்டு, அதற்குக் ‘கிளைமாக்டெரிக்’ என்று பெயரிட்டார்கள். 1934ல் ரிச்சர்ட் கேன் என்பவர், எத்திலீன் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, பழுக்கும் ஆப்பிளே அதை உண்டாக்குகிறது என்று நிரூபித்தார். 1942ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் எல்மர் ஹான்சன் பேரிக்காய்கள் வெளியிடும் எத்திலீனைச் சுவாசத்தோடு சேர்த்து அளந்து கட்டுரை வெளியிட்டார்.

பழம் இந்த வாயுவை எதிலிருந்து தயாரிக்கிறது என்பது அதன் பிறகும் முழுமையாகத் தெளிவாகவில்லை. 1979ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் டக்ளஸ் ஆடம்ஸும், தைவானில் பிறந்த ஷாங் ஃபா யாங்கும் அந்தச் சங்கிலியின் விடுபட்ட கண்ணியைக் கண்டுபிடித்தார்கள். அதன் சுருக்கப் பெயர் ஏசிசி. அதை உருவாக்க ஒரு நொதி வேண்டும். அதை எத்திலீனாக மாற்ற இன்னொரு நொதி வேண்டும்.

என் கேள்விக்கான விடை இங்கேதான் இருந்தது. குளிரில் இருக்கும் வாரங்களில் பேரிக்காய் சும்மா தூங்குவதில்லை. இந்த இரு நொதிகளுக்கான மரபணுக்கள் அந்தக் குளிரில்தான் மெல்ல விழித்துக்கொள்கின்றன. பிறகு காயை வெளியே எடுத்து அறை வெப்பத்தில் வைத்ததும் எத்திலீன் பீறிட்டுக் கிளம்புகிறது. கொஞ்சம் எத்திலீன் மேலும் எத்திலீனை உண்டாக்கத் தூண்டுகிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைகிறது. சதை குழைகிறது, மணம் எழுகிறது. விளக்கு எரிவது பிறகுதான் என்றாலும், திரியைத் தயார் செய்வது குளிர்தான்.

பாட்டி ஜோகூரில் ஒரு பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துப் பழுக்க வைப்பார்களாம். அதன் அறிவியலும் இதுவே. காய் வெளியிடும் எத்திலீன் காற்றோடு போய்விடாமல் அரிசிக்குள் அதைச் சுற்றியே தங்குகிறது. வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடும் வழக்கத்துக்கும் எத்திலீன்தான் விளக்கம், ஏனெனில் புகையிலும் எத்திலீன் உண்டு.

நிறுத்த முடிந்தது, தொடங்க முடியவில்லை

எத்திலீன்தான் பழுக்க வைக்கிறது என்றால், அதைத் தடுத்தால் பழங்களை நீண்ட நாள் வைத்திருக்கலாம் அல்லவா? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் இருவரும் 1990களில் அதற்கு வழி கண்டார்கள். 1-எம்சிபி என்பது அவர்கள் பயன்படுத்திய வாயு. செல்லில் எத்திலீன் வந்து அமரும் இடத்தை ஏற்பி என்கிறோம். 1-எம்சிபி அந்த இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டுக்குள் வேறொரு சாவி சிக்கிக்கொண்டால் நம் சாவி நுழையாது அல்லவா, அதுபோல. மிகமிகச் சிறிய அளவே போதும். 2002ல் அமெரிக்காவில் உணவுப் பயிர்களுக்கு அனுமதி கிடைத்த பிறகு ஆப்பிள் வணிகத்தையே அது மாற்றிவிட்டது. ஆப்பிள் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான்.

பேரிக்காய்க்கு அதே வாயுவைச் செலுத்தினார்கள். அதுவும் கெடாமல் இருந்தது, ஆனால் பழுக்கவும் இல்லை. குறிப்பாக அஞ்சூ வகையில் அளவு சற்றுக் கூடினாலும், கிடங்கிலிருந்து வெளியே எடுத்துப் பல நாள் ஆனாலும் காய் பச்சையாக, கெட்டியாகவே நின்றுவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டின. மொறுமொறுப்பான ஆப்பிள் விலை போகும். கல்லான பேரிக்காய் வீட்டுக்குப் போய்க் குப்பைத்தொட்டியில்தான் விழும்.

அதனால் பேரிக்காய் ஆய்வாளர்களின் வேலை ஆப்பிள் ஆய்வாளர்களின் வேலையைவிடக் கடினமாகிவிட்டது. பழுப்பதை நிறுத்தவும் வேண்டும், வேண்டிய நாளில் மறுபடி தொடங்கவும் வேண்டும். 1-எம்சிபியின் அளவைக் குறைத்துப் பார்க்கிறார்கள். அதோடு எத்திலீனையும் சேர்த்துச் செலுத்திப் பார்க்கிறார்கள். கிடங்கிலிருந்து எடுத்தபின் சில நாள் மிதமான வெப்பத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு வழியும் நடைமுறையில் உள்ளது. கடைக்கு அனுப்பும் முன்பு, சுமார் 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் பத்து லட்சத்தில் நூறு பங்கு எத்திலீன் கலந்த காற்றில் ஓரிரு நாள் வைக்கிறார்கள். இதனால் குளிரில் காத்திருக்க வேண்டிய நாள்கள் குறைகின்றன, வாங்குபவர் வீட்டிலும் பழம் சீராகப் பழுக்கிறது.

‘தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா?’ என்று ஒரு பழமொழி உண்டு. பேரிக்காய்க்கு அது பாதிதான் பொருந்தும். அடித்தால் கனியாது என்பது உண்மை. ஆனால் மரத்தில் விட்டால் தானாகவும் சரியாகக் கனியாது. யாராவது அதன் நேரமறிந்து பறித்து, நேரமறிந்து குளிரவைத்து, நேரமறிந்து எடுத்துவைக்க வேண்டும்.

மரபணு வரைபடம்

இப்போது தேடல் மரபணுக்களுக்குள் போயிருக்கிறது. நியூசிலாந்து, இத்தாலி உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் 2014ல் பார்ட்லெட் பேரிக்காயின் மரபணுத்தொகுதி வரைவை வெளியிட்டார்கள். 43,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதாக அது கணக்கிட்டது. 2019ல் மேம்பட்ட பதிப்பு வந்தபோது அந்த எண்ணிக்கை சுமார் 37,000 ஆகக் குறைந்தது. முதல் கணக்கு வீண் என்று நினைக்க வேண்டாம். முதல் வரைவு இருந்ததால்தான் அடுத்தவர்கள் அதைத் திருத்த முடிந்தது. நம் கட்டுரைகளைச் சிவப்பு மையில் திருப்பித் தரும் ஆசிரியர்களை நினைத்துக்கொள்ளுங்கள்!

இந்த வரைபடத்தால் என்ன பயன்? விதையிலிருந்து முளைத்த பேரி மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நல்ல பழம் தருமா என்று அறிய இதுவரை அத்தனை காலமும் காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த மரபணு எந்தக் குணத்தோடு தொடர்புடையது என்று தெரிந்துவிட்டால், சிறு கன்றின் ஓர் இலையைச் சோதித்தே முதல்கட்டத் தேர்வைச் செய்துவிடலாம்.

எங்கள் வீட்டுச் சோதனை

இவ்வளவும் படித்த பிறகு என் தவறு எனக்கு விளங்கியது. நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ட்லெட் பழுத்தால் பச்சையிலிருந்து மஞ்சளாகும். அந்தப் பழக்கத்தில் எல்லாப் பேரிக்காயும் மஞ்சளாகும் என்று நினைத்துவிட்டேன். பாட்டிக்கு வந்தவை அஞ்சூ. அவை பழுத்த பிறகும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். மஞ்சளுக்காக நான் காத்திருந்த பத்து நாளில் ஏதோ ஒரு நாள் அவை கனிந்து, அந்த நாளையும் தாண்டிப் போயிருக்கின்றன.

எதைப் பார்த்திருக்க வேண்டும்? கழுத்தை. காம்புக்கு அருகே ஒடுங்கிய பகுதியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். சற்றே அமுங்கினால் பழம் தயார். பருத்த அடிப்பகுதி அமுங்கும்வரை காத்திருந்தால் நடுப்பகுதி அதற்குள் குழைந்திருக்கும்.

அடுத்த வாரம் நானே ஆறு பேரிக்காய் வாங்கி வந்தேன். மூன்றை ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு, வெயில் படாத அறையில் வைத்தேன். நம் ஊர் வெக்கை பேரிக்காய்க்கு ஆகாது. 20 டிகிரிக்கு அருகேதான் அது நன்றாகப் பழுக்கும் என்பதால், வீட்டிலேயே குளுமையான மூலையாகத் தேடினேன். மற்ற மூன்றையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். தினமும் காலையில் பல் துலக்கியதும் கழுத்தை அழுத்திப் பார்ப்பது என் வேலை. பாட்டியும் பக்கத்தில் வந்து அழுத்திப் பார்த்து, “இன்னும் ஒரு நாள் போகட்டும்” என்று தீர்ப்புச் சொல்வார்.

நான்காம் நாள் இரண்டு தயார். ஐந்தாம் நாள் மூன்றாவதும் அமுங்கியது. பழுத்ததைக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றினால் மேலும் ஓரிரு நாள் தாங்கும் என்பதால் அவசரம் இல்லை. பெட்டியில் இருந்த மூன்றையும் பிறகு அதே மாதிரி பைக்கு மாற்றினேன். ஒன்றுகூட வீணாகவில்லை.

முதல் பழத்தை நீளவாக்கில் வெட்டிக் கரண்டியோடு பாட்டியிடம் கொடுத்தேன். சாறு தட்டில் வழிந்தது. கரண்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டவர் சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு. ஆனா எங்கேயோ மண்ணு மாதிரி நறநறங்குதே?”

அவை கல்செல்கள். தொடக்கக் கல்லூரியில் பேரிக்காய்ச் சதையை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். லிக்னின் படிந்து தடித்த சுவர்கொண்ட செல்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். பழுக்கும்போது பெக்டின் கரைகிறது, லிக்னின் கரைவதில்லை. அதனால் எவ்வளவு கனிந்தாலும் அந்த நறநறப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். இதையெல்லாம் பாட்டிக்குத் தமிழில் விளக்கினேன். லிக்னினுக்கு என்ன சொல்வது என்று தடுமாறி, “மரத்துல இருக்குமே, அந்தக் கெட்டிப் பொருள்” என்றேன்.

“அப்ப பழத்துக்குள்ள கொஞ்சம் மரமும் இருக்கு” என்றார் பாட்டி. என் விரிவுரைக் குறிப்பில் இவ்வளவு சுருக்கமாக எழுதப்படவில்லை.

அடுத்த முறை பேரங்காடியில் பச்சைப் பேரிக்காயைப் பார்த்தால் தைரியமாக வாங்குங்கள். அது காய்தான். வீட்டுக்குக் கொண்டுபோய், தினமும் ஒரு முறை அதன் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். பழமாகும் நாளை அது விரலுக்குச் சொல்லும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.